நாயிடம் அனுமதி கேட்டவர்

கீரமங்கலம் பக்கத்துக் கால்நடை ஆஸ்பத்திரியில் அந்த உதவியாளரை ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். நரைத்த மீசை, முழங்கைவரை பழைய கீறல்கள். எந்த நாயைத் தொடும் முன்னும், "பாக்கட்டுமா சாமி?" என்று அதனிடமே கேட்டார்.

உண்ணிக் காய்ச்சலில் எங்கள் நாயின் ஈறு வெளுத்திருந்தது.

"எங்கிட்டு கட்டுறீங்க?"

"கைக்குழந்தை இருக்குண்ணே. கடிச்சிருமோன்னு ஆட்டுக்கொட்டகையில கட்டினேன்."

"கடைசியில இதைத்தானே உண்ணி கடிச்சிருக்கு!"

"பொழச்சிருமா?"

ஊசி போட்டு முடித்தவர் அதன் தலையைத் தடவினார். "வீட்டுக்குள்ள, கண்ணு முன்னால போட்டுக்கங்க ஆத்தா."

தொட்டிலுக்கடியில் ஒன்பது நாள் கிடந்தது. மகன் அழும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்க்கும். பத்தாம் நாள் அவன் அழுதபோது அது தலையைத் தூக்கவில்லை.

பிழைக்கும் என்று நினைத்துச் சொன்னாரா, இருக்கும்வரை எங்களோடு இருக்கட்டும் என்றா? அவரிடம் கேட்க ஏங்குகிறேன். அந்தப் பக்கம் போக இன்னும் கால் வரவில்லை.