சிவப்பு வாளித் தண்ணீர்

எச்சில் என்றால் எனக்குக் குமட்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அப்படிப்பட்டவனுக்கு யுத்த காலத்தில் வாய்த்த வேலை, கண்டவர்கள் துப்பிய வாளிகளில் தண்ணீர் நிரப்புவது.

நெமிலிச்சேரிப் பக்கம் ஒரு காண்டிராக்டர், பட்டாளத்துக்குக் கூடாரம் தைக்கக் கொட்டகை போட்டிருந்தார். ஓலைக் கூரை, உள்ளே கித்தான் மூட்டைகள், முப்பது பெண்கள், ஒரே வாசல். பட்டணத்தில் குண்டு விழும் என்று எல்லோரும் பயந்து கிடந்த நேரம். தீப்பிடித்தால் அணைக்கவென்று சுவரோரம் சிவப்புச் சாயம் அடித்த வாளிகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். வெள்ளானூரிலிருந்து நடந்து வந்து அவற்றைக் கவனிப்பது என் பொறுப்பு. வாரம் ஒருமுறை பழைய தண்ணீரைக் கொட்டி, மண் போட்டுத் தேய்த்து, கிணற்றுத் தண்ணீர் நிரப்ப வேண்டும்.

தேய்ப்பதாவது! வெற்றிலை எச்சில், பீடித் துண்டு, செத்த கரப்பான், அடியில் வழவழவென்று பாசி. மூக்கைச் சிந்திவிட்டு அதிலேயே விரலைக் கழுவுகிறவனையும் பார்த்திருக்கிறேன். மனுஷ ஜென்மங்களா இவை என்று வாய்விட்டே திட்டுவேன். முதல் மாதம் ஒழுங்காகத்தான் கழுவினேன். அந்த வாடை கையை விட்டுப் போகாமல் சோற்றில் கை வைக்க முடியவில்லை. பிறகு கொட்டுவதையே விட்டுவிட்டேன். குறைந்திருக்கிற வாளியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போய்விடுவேன். சோதிக்க வருகிற மேஸ்திரியும் விளிம்புவரை இருக்கிறதா என்று எட்ட நின்று பார்ப்பாரே தவிரக் கிட்டே போகமாட்டார். அவருக்கும் அருவருப்புதான்.

கொசு பெருகுகிறது என்று இன்னொருவன் வெள்ளிக்கிழமைதோறும் வந்து ஒவ்வொரு வாளியிலும் மண்ணெண்ணெய் ஊற்றினான். தண்ணீரைத்தான் வாராவாரம் மாற்றுகிறார்களே என்று தாராளமாகவே ஊற்றினான். அது வாரத்துக்கு வாரம் சேர்ந்து மேலே மிதந்து வாளிகள் நிறைந்தே இருந்தன. எனக்குக் குடம் தூக்குகிற வேலையும் மிச்சமாயிற்று. வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

வாசலுக்கு எட்டாத மூலையில், கடைசி வாளிக்கு அடியில் ஒரு பெண் உட்கார்ந்து தைப்பாள். ஐந்து பேர் சாப்பிடுகிற வீட்டுக்கு அவள் ஊசி ஒன்றுதான் சம்பாத்தியம். ஒருநாள் என்னை நிறுத்திவிட்டாள்.

"அண்ணாத்தே, தல மேல தொங்கினு நாறுது. கொட்டிட்டு வேற ஊத்தேன். நெருப்பு கிருப்பு புடிச்சா நானு எப்டி வாசலாண்ட போவேன்? எனுக்கு இந்த வாளிதான் கீது."

"ஆவட்டும்மா" என்றேன். செய்யவில்லை.

அந்த வாரமே ஒரு மத்தியானம், யாரோ எறிந்த பீடி அவள் பக்கத்து மூட்டையில் பற்றிக்கொண்டது. முழ உயரத் தீதான். ஒரு வாளித் தண்ணீரில் அணைந்திருக்கும். அவள் அலறவில்லை, ஓடவில்லை. எழுந்து வாளியைக் கழற்றி இரண்டு கையாலும் வீசினாள். தீ குப்பென்று எழும்பி அவள் கைகளிலேயே ஏறியது. கிணற்றடியிலிருந்து குடிக்கத் தண்ணீர் எடுத்து வந்த நான் குடத்தோடு வாசலில் நின்று அதைப் பார்த்தேன். ஈரக் கித்தானைப் போர்த்தி அவளை வெளியே இழுத்துப் போட்டோம். மற்ற பெண்கள் ஓடித் தப்பினார்கள். கொட்டகை மிஞ்சவில்லை.

நாலு நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். இரண்டு கையிலும் வாழை இலை சுற்றியிருந்தது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன, இனி ஊசி பிடிக்க முடியாது என்று அவள் தாயார் சொன்னாள். அந்தப் பெண்ணின் கவலை வேறாக இருந்தது.

"நானு இன்னாவோ தப்பு பண்ணிட்டேனாம் அண்ணாத்தே. என்னாலதான் கொட்டாயே போச்சுன்னு எல்லாரும் திட்றாங்கோ. கிருஷ்ணாயில் வாடை வந்துச்சு. நானு தண்ணிதானே ஊத்துனேன்? நீதானே ரொப்புன, நீயே சொல்லு."

"தண்ணிதாம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அப்படியானால் தப்பு தன்மேல்தான் என்று நம்பிவிட்டாள்.

எத்தனையோ பேர் துப்பிய எச்சிலைப் பார்த்து முகம் சுளித்தவன் நான். நான் கண்ட அசிங்கத்திலெல்லாம் பெரிய அசிங்கம் அன்று என் வாயிலிருந்து வந்ததுதான்.