படத்தில் சங்கரா, எழுத்தில் மீன்

சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில் அந்நாளில் புத்தகம் இருந்த வீடு எங்களுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அப்போது எனக்கு நாலு வயது. தம்பி கைக்குழந்தை.

எங்கள் நைனா கடலுக்குப் போகிறவர் அல்ல. இளவயதில் கட்டுமரக் கயிற்றில் சிக்கி இரண்டு விரல்களை இழந்தவர். சிந்தாதிரிப்பேட்டையில் ஓர் அச்சாபீசில் தாள்களை அடுக்கிக் கட்டும் வேலை அவருக்கு. அங்கே குழந்தைகளுக்கான படப் புத்தகம் ஒன்று அச்சானபோது, நிறம் பிசகியதென்று ஒதுக்கிய தாள்களை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தார். அம்மா அவற்றை மடித்து வலை நூலால் தைத்தாள். அந்தப் புத்தகத்துக் கிளியின் பச்சை, உடம்பை விட்டு அரை விரல் தள்ளி நின்றது. கிளிகள் பறக்கும்போது நிறம் சற்றுப் பின்தங்கித்தான் வரும் என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன்.

அம்மா ராயப்பேட்டைப் பக்கம் மீன் விற்றுவிட்டு வர உச்சிப்பொழுது ஆகிவிடும். குளித்துச் சாப்பிட்டுவிட்டு எங்களுக்கு நடுவில் படுத்துக்கொள்வாள். ஓலைக்கூரைப் பொத்தல்கள் வழியே வட்டவட்டமாக வெயில் விழும். காற்றில் ஓலை அசைந்தால் அந்த வட்டங்கள் புத்தகத்தின்மேல் நீந்தும். அம்மா கப்பல் படத்தில் விரலை வைப்பாள்.

“இந்தக் கப்பல்ல ஒரு ராணி வந்துக்கினு கீறா. அவளுக்குத் தூக்கமே வர்ல. அலையைக் கூப்ட்டு, ‘நீ பாடு’ன்றா.”

வெளியே அலை பாடிக்கொண்டிருக்கும். ராணி தூங்குவதற்குள் நான் தூங்கிவிடுவேன். மறுநாள் ராணி வேறு ஊருக்குப் போவாள்.

மீன் பக்கம் வந்தால் மட்டும் அம்மாவுக்குக் கதை வராது. “இத்த வரைஞ்சவன் மீனைப் பார்த்ததே இல்ல போல. துடுப்பு எடம் மாறிக் கீது. செவப்பா இருக்கறதால சங்கரான்னு வெச்சுக்கலாம்.”

அடுத்த வருஷம் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். சின்ன வகுப்புக்குக் காலையில் மட்டும்தான் பாடம். டீச்சரம்மா மயிலாப்பூரிலிருந்து நடந்து வருகிறவர். ஒரு நாள் பலகையில் மீன் படம் போட்டு, இது என்ன என்று கேட்டார். “சங்கரா” என்றேன். பின்னாலிருந்து ஒருத்தி “கெளுத்தி” என்றாள்.

டீச்சரம்மா சிரித்துவிட்டு ‘மீன்’ என்று எழுதினார்.

“எங்க புக்குல சங்கரான்னு போட்டுக் கீது, டீச்சர்.”

எடுத்து வரச் சொன்னார். மறுநாள் கொண்டுபோனேன். அவர் புரட்டிப் பார்த்தார். “இதுலயும் மீன்னுதானேடி போட்டிருக்கு?”

நான் கப்பல் பக்கத்தைத் திருப்பி, ராணி எங்கே என்று கேட்டேன். “கப்பல்னு ஒரு வார்த்தைதான் இருக்கு. ராணின்னு ஒண்ணும் இல்லையே” என்றார். அலை திரும்பும்போது காலடி மணல் நழுவுமே, அப்படி இருந்தது.

அன்று மத்தியானம் அம்மாவிடம் கேட்டேன். “ராணி புக்குலயே இல்லியாமேம்மா?”

அம்மா கூரையைப் பார்த்தபடி சொன்னாள். “எனுக்கு எழுத்து தெரியாது கண்ணு. படத்தைப் பார்த்து மனசுல வந்ததைச் சொன்னேன்.” பிறகு என் பக்கம் திரும்பி, மீன் படத்துக்குக் கீழே விரலை வைத்தாள். “இங்க இன்னா போட்டுக் கீது?”

“மீன்.”

“அவ்ளோதானா? எந்த மீனுன்னு போடலியா?”

இதை நான் டீச்சரம்மாவிடம் அப்படியே போய்ச் சொன்னேன். அவர் பென்சிலை எடுத்து, படத்துக்குப் பக்கத்திலிருந்த வெற்றிடத்தில் ‘சங்கரா’ என்று எழுதிக் கொடுத்தார். “வேற என்னென்ன மீன் தெரியும் நோக்கு?” என்று கேட்டார். அவர்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. ஒவ்வொரு பெயரையும் என்னை இரண்டு தடவை சொல்லச் சொல்லி எழுதினார். வஞ்சிரம், வவ்வால், நெத்திலி, சுறா என்று ஓரமெல்லாம் நிறைந்தது. நான் எழுத்துக் கூட்டப் பழகியது அந்த ஓரங்களில்தான்.

மத்தியானங்களில் இப்போது என் விரல் முன்னே போகும், அம்மாவின் விரல் பின்னே வரும். அவள் விரலில் உப்பும் மஞ்சளும் மணக்கும். ஒருநாள் சுறாவிடம் நின்றுவிட்டாள்.

“இம்மாம் பெரிய சுறாவுக்கு ரெண்டே எழுத்தா? நெத்திலிக்கு நாலா?”

சிரித்தோம். ஏன் என்று தெரியாமல் தம்பியும் சிரித்தான்.

கப்பல் பக்கத்தில் மட்டும் எதையும் எழுதச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கே அம்மா பழையபடி கதை சொன்னாள், நான் கேட்டேன். எழுத்தில் இல்லை என்று தெரிந்த பிறகும் ராணி வந்துகொண்டுதான் இருந்தாள்.

அந்த வருஷ மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, ஒரு மத்தியானம் பாதித் தூக்கத்தில் விழித்தேன். தம்பி அம்மாவின் வயிற்றில் கால் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். நாங்கள் இருவரும் தூங்குவதாக நினைத்து, அம்மா புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தாள். “வ… வ்… வா…” என்று முணுமுணுத்தாள். நின்றாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். சொல்லிக் கொடுக்க என் வாய் வரை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டபடி கிடந்தேன்.

மூன்றாம் தடவையில் அவளாகவே படித்துவிட்டாள்.