செம்மநத்தத்தில் ஓர் அனகோண்டா

ஏற்காடு ஏரியில் அனகோண்டா இருக்கிறது என்று ஒரு கோடையில் வீடியோ சுற்றியது. தண்ணீரில் ஏதோ கறுப்பாக நெளிகிறது, யாரோ ஐயோ அம்மா என்று கத்துகிறார்கள், அவ்வளவுதான். என் கடை ஏரிக்குப் போகும் வழியில் இருப்பதால், மிளகும் காப்பித்தூளும் வாங்க வந்தவர்களெல்லாம் அதைத்தான் விசாரித்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் அதற்குள் ரப்பர் பாம்புகளை வரவழைத்து வாசலில் தொங்கவிட்டுவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் சேலத்தில் விலங்கியல் படித்தவள். நிக்காஹ் முடிந்து மலையேறி வந்த நாளிலிருந்து அந்தப் பட்டம் பீரோவில் தூங்குகிறது. நான் ஏலக்காய் நிறுத்துக்கொண்டிருக்கிறேன். இருபத்தைந்து வருடமாக என்னிடம் யாரும் பாம்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டபின் விடுவேனா? வந்தவர்களை நிற்கவைத்துப் பாடம் எடுத்தேன். நான் ஆரம்பித்தாலே என் வீட்டுக்காரர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போவார். பாங்கு சொல்ல இன்னும் அரைமணி இருக்கும்.

பாடத்தை முழுதாகக் கேட்டவர்கள் இரண்டே பேர். செம்மநத்தத்திலிருந்து எங்களுக்கு மிளகு கொண்டுவரும் விவசாயியும் அவர் மனைவியும். அவளுக்கு முப்பது வயது இருக்கும். மூட்டையின் மேல் உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்து, கண்ணை எடுக்காமல் கேட்டாள். அப்படி ஒரு மாணவி கிடைத்தால் எந்த வாத்தியாருக்கும் தலைகால் புரியாது.

அனகோண்டா நம் நாட்டில் கிடையாது, தென் அமெரிக்கச் சதுப்புகளில் வாழ்வது என்றேன். கண்ணும் மூக்கும் தலையின் உச்சியில் இருப்பதால் உடம்பு மொத்தமும் தண்ணீருக்குள் இருந்தாலும் வெளியே எட்டிப் பார்க்கும் என்றேன். பெண்தான் பெரிது, ஆண் பக்கத்தில் நின்றால் நோஞ்சான். ஒரே பெண்ணைப் பல ஆண்கள் சுற்றிக்கொண்டு வாரக்கணக்கில் கிடப்பார்கள் என்றதும் விவசாயி கூச்சத்தோடு வெளியே பார்த்தார். பச்சை அனகோண்டா ஒரே இனமா, இரண்டு இனமா என்று படித்தவர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள் என்பதைக்கூட விடவில்லை.

"அப்ப நம்ம மலைப்பாம்பும் அதுவும் ஒண்ணுதானுங்களா?" என்றார் அவர்.

"வேற வேற குடும்பம் தம்பி. ரெண்டுக்கும் விஷமில்ல, ரெண்டும் சுத்தி நெரிக்கும். ஆனா மலைப்பாம்பு முட்டையிட்டு, அதைச் சுத்திப் படுத்து அடைகாக்கும். அனகோண்டா குட்டி போடும்."

"பாம்பு குட்டி போடுமுங்களா அக்கா!" அவள் வாயில் கைவைத்துக்கொண்டாள்.

"போடும் கண்ணு. முட்டை வயித்துக்குள்ளயே இருந்து, குட்டியா வெளிய வரும். குட்டின்னா அனகோண்டா, முட்டைன்னா மலைப்பாம்பு. இத ஞாபகம் வச்சுக்கிட்டாப் போதும்."

என்ன ஒரு பெருமை எனக்கு! காலிச் சாக்குகளை மடித்துக் கொடுத்து இருவரையும் அனுப்பிவைத்தேன்.

நாலைந்து நாள் கழித்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் விறகுக்கடியில் ஒரு பாம்பு. தடித்த உடம்பு, பழுப்பு நிறம், பெரிய பெரிய புள்ளிகள். 'அனகோண்டாவுங்களா அக்கா?' என்று கீழே எழுதியிருந்தது. கடையில் கூட்டம். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவைத்திருந்தேன், இறக்கக்கூட இல்லை. போனை வாயருகே வைத்துச் சொன்னேன்: "மலைப்பாம்புக் குட்டி. அடிச்சுடாதீங்க, பாவம். விஷமில்ல. சாக்கை மேல போட்டு அள்ளிக்கிட்டுப் போயி ஓடைப் பக்கம் விட்டுடுங்க."

ஓர் உயிரைக் காப்பாற்றிய திருப்தியில் அன்று மத்தியானம் ஒரு கை சோறு அதிகமாகவே சாப்பிட்டேன்.

அவர்கள் உடனே அதை எடுக்கவில்லை. சேர்வராயன் கோயில் திருவிழா வந்துவிட்டது, வீடு நிறையச் சொந்தக்காரர்கள், எல்லாம் முடியட்டும் என்று விட்டிருக்கிறார்கள். திருவிழாவுக்கு மறுநாள் காலை, நான் கடை திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருக்கும்போது அவள் கூப்பிட்டாள். குரலில் அவசரமே இல்லை.

"அக்கா, சாக்கை எடுத்துக்கிட்டு விறகுகிட்ட நிக்கிறனுங்க. இது குட்டி போட்டிருக்குதுங்க. இருவதுக்குக் கொறையாதுங்க. முட்டை ஓடு ஒண்ணையுங் காணோம். நீங்க சொன்னதப் பாத்தா இது அனகோண்டாவேதானுங்க!"

நான் சிரித்தேன். செம்மநத்தத்தில் அனகோண்டாவாம் என்று எதிரே நின்றவரிடமும் சொல்லிச் சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

தடித்த உடம்பு, பெரிய புள்ளிகள், குட்டி போடுவது. நம் ஊரில் இந்த மூன்றும் சேர்ந்தது ஒன்று உண்டு. கண்ணாடி விரியன். எனக்கு அது தெரியாமலா? பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். கடையில் அனகோண்டாவைப் பற்றி அளந்த ஜோரில் அதைச் சொல்லாமல் விட்டிருந்தேன்.

"கண்ணு! சாக்கைக் கீழ போட்டுட்டு மெதுவாப் பின்னால வா! கைய நீட்டாத! குட்டிக்கும் விஷம்!"

"தள்ளி வந்துட்டனுங்க," என்றாள். நான் கத்தியது கடைவீதி முழுக்கக் கேட்டதாக என் வீட்டுக்காரர் சொன்னார். அவர்தான் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார். நான் கண்ணாடியை இறக்கி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதுகில் சங்கிலி கோத்ததுபோல் வரிசை வரிசையாகப் புள்ளிகள், முக்கோணத் தலை. முதல் நாளே அத்தனையும் அந்தப் படத்தில் இருந்தன.

ஸ்கூட்டரில் அவர் பின்னால் உட்கார்ந்து போனேன். அந்தக் குறுகலான ரோட்டில் ஒவ்வொரு வளைவிலும், அவளைக் கடித்திருந்தால் இந்த வழியாகத்தானே சேலம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைத்து அழுதேன். அல்லாஹ்விடம் எதைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்றே தெரியவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்புக்காரர்கள் தாய்ப்பாம்பைப் பெரிய பிளாஸ்டிக் டிரம்முக்குள் விட்டிருந்தார்கள். குக்கர் ஆவி விடுவதுபோல் உள்ளேயிருந்து சீறியது. இரண்டு பேர் குட்டிகளைக் கம்பியால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். விறகிலிருந்து ஒரு முழம்கூட இருக்காது, அங்கே என் கடைச் சாக்கு விழுந்துகிடந்தது. அதில் 'மிளகு' என்று என் கையெழுத்தில் இருந்தது.

அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். "நான் சொன்னது தப்பு கண்ணு. சரியாப் பாக்காம சொல்லிட்டேன். என்ன மன்னிச்சுரு."

"குனிஞ்சு சாக்கை விரிச்சிட்டனுங்க அக்கா," என்றாள் அவள். "அப்பத்தான் குட்டிங்க கண்ணுல பட்டுச்சு. அனகோண்டாவா இருந்தா நொம்பப் பெரிய விசயமாச்சே, அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுத் தொடலாம்னு நின்னுட்டனுங்க."

அவளே உள்ளே போய் எல்லாருக்கும் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கடையில் மூட்டைமேல் உட்கார்ந்த அதே மாதிரி, கன்னத்தில் கைவைத்துக்கொண்டு.

"இப்பச் சொல்லுங்க அக்கா. நம்மூர்ல குட்டி போடுற பாம்பு வேற எதெதுங்க?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரல்விட்டுச் சொன்னேன். சுருட்டை விரியன். மரத்தில் தொங்கும் பச்சைப் பாம்பு. மண்ணுளிப் பாம்பு; அனகோண்டாவுக்கு நம் ஊரில் இருக்கும் தூரத்துச் சொந்தம் அதுதான். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"அவ்வளவுதானுங்களா?"

"வேற எது இருக்குன்னு எனக்குத் தெரியல கண்ணு," என்றேன். "படிச்சுப் பாத்துட்டு வந்து சொல்றேன்."