ஐலீன் கடையில் டெல்மர் சொன்ன உண்மை

கனடாவின் கோதுமைச் சமவெளியில் இருக்கும் கெல்ஸ்ட்ராமில் பிள்ளைகள் ஹாக்கி மட்டையோடுதான் பிறக்கும் என்பார்கள். ஸ்டென்ஸ்ருட் வீட்டு இளையவன் டெல்மர் மட்டும் பேஸ்பால் பைத்தியம். பத்தொன்பது வயதில் ஒரு அமெரிக்க அணி அவனைப் பந்து பிடிக்கும் கேட்சராக எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து வயலில் பனி உருகுமுன் தெற்கே கிளம்பிவிடுவான். கோதுமை அறுப்பு பாதி முடிந்த பிறகுதான் திரும்புவான். நிலம் முழுவதும் அண்ணன் ஓரின் தலையில்.

ஏழு வருடம் சின்ன லீக்கிலேயே ஊர் ஊராக பஸ்ஸில் அலைந்தான். பெரிய லீக் கூப்பிடவே இல்லை. இந்த வருடம் ஜூனில், இருந்த இடமும் போயிற்று. ஊருக்குத் திரும்ப முகமில்லாமல் அங்கேயே ஒரு டயர் கடையில் சேர்ந்தான். ஞாயிறுதோறும் அண்ணனுக்குப் போன் போட்டு, "நேத்து ரெண்டு ஹிட்டுண்ணே" என்பான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. மறைத்தவனுக்கு அந்தச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

செப்டம்பரில், ஆட்டம் முடிந்து வருகிறவனைப் போல வீடு வந்து சேர்ந்தான். அண்ணனின் வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை.

"என்னண்ணே இது?"

"வைக்கோல் கட்டுற மிஷின்ல மாட்டிக்கிச்சு. ஜூலைல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் ஒன் டீமுக்குப் போன் போட்டேன். நீ போயே ஒரு மாசமாச்சுன்னாங்க." ஓரின் இடது கையால் உருளைக்கிழங்கை நசுக்கிக்கொண்டே சொன்னான்.

"அப்புறமும் நான் அளந்ததையெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தியா?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் தேவலை என்று இருந்தது டெல்மருக்கு. ஒற்றைக் கையோடு அறுப்பு அறுத்தவனிடம் போய் மன்னிப்பு என்ற சொல்லை எப்படி எடுப்பது?

மறுநாள் காலை இருவரும் ஐலீனின் காப்பிக் கடைக்குப் போனார்கள். யார் பில் கொடுப்பது என்று ஊர் விவசாயிகளுக்குள் வழக்கம்போல் பகடை உருண்டுகொண்டிருந்தது. கிழவர் ஹால்வர் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"வாடா கேட்சரு. திங்கக்கெழமையானா ஒங்கண்ணன் வாயத் தொறந்தா ஒம் புராணந்தான். போன வாரங்கூட ரெண்டு ஹிட்டாமே?"

டெல்மர் திரும்பிப் பார்த்தான். ஓரின் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தான். எல்லாம் தெரிந்தும் தம்பியின் மானத்துக்காக அத்தனை வாரமும் அந்தப் பொய்யைச் சுமந்திருக்கிறான். டெல்மருக்கு ஒரு நொடியும் தாங்க முடியவில்லை.

"எல்லாம் பொய். ஜூன்லயே என்னைத் தூக்கிட்டாங்க. டயர் மாட்டிக்கிட்டு இருந்தேன்."

பகடை நின்றது. யாரும் டெல்மரைப் பார்க்கவில்லை. எல்லாரும் ஓரினைப் பார்த்தார்கள். அவன் சொன்னால் தானியத்தை எடை போடாமலே வாங்குகிற ஊர் அது.

"ஒனக்கு எப்பத் தெரியும் ஓரின்?" ஹால்வர் மெதுவாகக் கேட்டார்.

"ஜூலைல."

ஐலீன் காப்பி ஊற்ற வந்து, ஊற்றாமலே திரும்பிப் போனாள். ஓரின் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான்.

டெல்மர் பின்னாலேயே ஓடி டிரக்கில் ஏறினான். "உண்மையச் சொல்லிட்டா மனசு லேசாயிரும்னு நெனச்சேண்ணே."

ஓரின் மூன்று விரல்களால் சாவியைத் திருகினான். வண்டி உடனே கிளம்பவில்லை.

"ஒனக்கு லேசாயிருச்சு" என்றான்.