கடைவாயில் ஒரு கிரேக்கக் காசு

நான் குடியேறிய மல்கிரேவ் ஊரில் என் பல்லைப் பிடுங்கிய டாக்டர் மெலிந்த மனிதர். முகக்கவசத்துக்கு மேலே அவருடைய மூக்குக்கண்ணாடி மட்டும்தான் தெரியும். நோயாளியின் வாய்க்குள் கையை விட்ட பிறகுதான் கேள்வி கேட்பார். அதுவும் அவர் சேர்த்து வைத்திருக்கும் பழைய கிரேக்க நகரங்களின் வெள்ளிக் காசுகளைப் பற்றி.

அன்றைக்கு ஒரு கை என் வாய்க்குள் இருக்க, மறுகையால் பிளாஸ்டிக் உறையொன்றை என் கண்ணுக்கு நேரே பிடித்தார். உள்ளே மீன் செதிலளவில் ஒரு காசு. அதில் ஆந்தை இருப்பதாகச் சொன்னார், நம்பினேன்.

“கிரேக்கச் சனம் சந்தைக்குப் போகேக்க இந்தச் சின்னக் காசை எங்க வச்சுக்கொண்டு போறவை? சொல்லுங்கோ பாப்பம்.”

தெரியாது என்று சொல்லத்தான் வாயை இன்னும் அகலத் திறந்தேன். “ஆ” என்று மட்டும் வந்தது.

அவர் கையை எடுத்துவிட்டார்.

“ஓம், வாய்க்குள்ளதான். கடைவாயில அடக்கிக்கொண்டு போறவை. எத்தினை பேரிட்டக் கேட்டிட்டன், நீங்கள் ஒராள்தான் சரியாச் சொன்னனீங்கள்.”

நான் யோசித்துப் பேசிய எதையும் யாரும் இப்படி மெச்சியதில்லை. அதனால் மறுக்க மனம் வரவில்லை. இப்போது கோயிலில் கண்டால், கிரேக்கக் காசு தெரிந்தவர் என்று என்னை எல்லோருக்கும் அறிமுகப்படுத்துகிறார்.

மற்றப் பக்கத்துப் பல்லும் வலிக்கத் தொடங்கிவிட்டது. அவரிடம் போகத்தான் வேண்டும். அதற்கு முன்னால் கிரேக்கரைப் பற்றிக் கொஞ்சம் படித்துக்கொண்டிருக்கிறேன்.