ஸ்பூன்காரத் தம்பி

என் தம்பி தாய்சேய் மருத்துவமனையில் குழந்தைகளுக்கு ஊசி போடும் நர்ஸ். ஏழு வருடமாக அதே அறை, அதே ஜன்னலோர மேஜை. ஊசி போட்டதும் குழந்தை வீறிட்டு அழும். அந்த அழுகை அடங்குவதற்குள் அம்மாவோ அப்பாவோ ஒரு கேள்வி கேட்பார்கள். "ஆறு மாசம் ஆகப்போகுது. என்ன கொடுக்க ஆரம்பிக்கலாம்?" அடுத்த குழந்தை வாசலில் நிற்கும். பதில் சொல்ல நேரம் இருக்காது. "டாக்டரம்மாகிட்ட கேளுங்க" என்று அனுப்பிவிடுவான். டாக்டரம்மா அறை வாசலிலும் வரிசை இருக்கும்.

பதில் சொல்லாமல் அனுப்பிய கேள்விகள் அவனை உறுத்தின. ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தான். எண் போட்டு, தேதி போட்டு எழுதினான். அந்தப் பழக்கம் என்னிடமிருந்து வந்தது என்று நான் சொல்லிக்கொள்வேன். போன மாதம் வரை முந்நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள்.

நான் அவன் அக்கா, டெய்லர். மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளிக் கடை. குழந்தைகளின் துணி மட்டும் தைக்கிறேன். தம்பிக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அம்மா வேலைக்குப் போய்விடுவார். அவனுக்குச் சோறு ஊட்டியது நான்தான். ஒரு வாய் வாங்கிக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, நான் பள்ளிக்கூடம் போய்த் திரும்பும் வரை அதை அப்படியே வைத்திருப்பான். சாப்பாட்டோடு அவ்வளவு பகை வைத்திருந்தவன்தான் இன்றைக்கு ஊரிலுள்ள பிள்ளைகளின் முதல் சோற்றுக்குப் பதில் சொல்கிறான். இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், பெருமையும் வரும்.

எப்போதாவது வரிசை இல்லாமல் நேரம் கிடைத்தால், அவன் பதில் சொல்லும் அழகே தனி.

"பல்லே முளைக்கல தம்பி, எப்படி மெல்லும்?"

"ஈறு போதும்மா. சந்தேகம்னா உங்க விரலைக் கொடுத்துப் பாருங்க."

"கொடுத்ததையெல்லாம் நாக்காலயே தள்ளுறான். பிடிக்கலையா?"

"இத்தனை நாளா பாலை மட்டும்தான் அந்த நாக்குக்குத் தெரியும். புதுசா ஒரு ஆள் வீட்டுக்குள்ள வந்தா, யாரு என்னன்னு விசாரிக்காதா?"

"உப்பு போடாம எப்படித் திங்கும்?"

"உப்புன்னு ஒண்ணு இருக்கிறதே அதுக்குத் தெரியாது. நீங்களா ஏன் காட்டிக் கொடுக்கறீங்க?"

ஒரு அப்பா கேட்டார்: "நான் சாப்பிடும்போது என் வாயையே பாக்குது. எனக்கு ஒரு வாய் இறங்க மாட்டேங்குது."

"வயசு ஆறு மாசம் ஆச்சா? சாய்ச்சு உக்கார வச்சா தலை நிக்குதா?"

"நிக்குது."

"அப்ப அவன் தயார். நீங்கதான் இன்னும் தயாராகல."

ஆனால் யாராவது தேன் என்று ஆரம்பித்தால் அவன் முகத்தில் சிரிப்பு போய்விடும். "ஒரு வயசு முடியற வரைக்கும் தொட்டு வைக்கக்கூடக் கூடாது. கடலை, முழுத் திராட்சை மாதிரி தொண்டையில சிக்கற எதுவும் கையில கொடுக்கக்கூடாது. அடம் பிடிச்சாலும் சரி." இதை மட்டும் மூன்று தரம் சொல்லுவான்.

அவன் தலைமை நர்ஸிடம் போய் ஒரு விண்ணப்பம் வைத்தான். எல்லாரும் அவரைப் பெரிய சிஸ்டர் என்பார்கள். புதன்கிழமை பத்து மணிக்கு, எடை பார்க்கும் அறையில், பெற்றோரின் கேள்விகளுக்கு ஒரு மணி நேரம் வேண்டும் என்று கேட்டான். பெரிய சிஸ்டர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"மூணு மாசம் தரேன். ஆள் வந்தா நடத்து. வரலைன்னா அந்த நேரத்துல பழைய ஃபைலையெல்லாம் அடுக்கிக் கொடுக்கணும்."

முதல் புதன்கிழமை மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் பல் டாக்டரைத் தேடி வழி தவறி வந்தவர். இரண்டாவது வாரம் வந்த ஒரு அம்மா, உட்காரும் முன்பே கேட்டார்: "சிஸ்டர்... இல்ல, தம்பி... உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"இன்னும் கல்யாணமே ஆகலைங்க."

அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தம்பி இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். ஆனால் அன்று அவன் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. அவன் கன்னத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்.

நாலாவது புதன்கிழமை ஒரே ஒருவர். அதற்குப் பிறகு நான் சும்மா இருப்பேனா?

அவன் வீட்டில் பதில்களைச் சொல்லிப் பார்க்கும்போது நான் கேட்டிருக்கிறேன். என் கடைச் சுவரில் துணி அளவு அட்டவணை ஒன்று தொங்குகிறது. இடது பக்கம் மாதம், வலது பக்கம் மார்பளவும் நீளமும். அதே மாதிரி கோடு போட்டேன். இடது பக்கம் மாதம், வலது பக்கம் ஸ்பூன். ஆறு மாதம், மூன்று ஸ்பூன். ஏழு மாதம், எட்டு ஸ்பூன். எட்டு மாதம், பன்னிரண்டு. தலைப்புக்குச் சிவப்பு மை, கோட்டுக்கு நீல மை. கீழே, 'விளக்கத்துக்கு: ஊசி அறை நர்ஸ், புதன்கிழமை பத்து மணி' என்று எழுதி, முப்பது பிரதி எடுத்து லேமினேட் செய்தேன். துணி வாங்க வந்த ஒவ்வொருவர் பையிலும் ஒன்று வைத்தேன். தம்பியிடம் சொல்லவில்லை. கூட்டம் வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அவன் உண்மையில் சொன்னது இது: "ரெண்டு மூணு ஸ்பூன்ல ஆரம்பிங்க, அப்புறம் குழந்தை கேட்கக் கேட்கக் கூட்டுங்க, போதும்னா நிறுத்திடுங்க." அந்தப் பின்பாதி கட்டத்துக்குள் அடங்கவில்லை. விட்டுவிட்டேன். எண்கள் நான் உத்தேசமாகப் போட்டவை.

கூட்டம் கொஞ்சம் வந்தது. ஐந்து, பிறகு ஏழு. தம்பிக்குக் காரணம் புரியவில்லை. நான் மிஷினை மிதித்துக்கொண்டே எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

பத்தாவது புதன்கிழமை முடிந்த மறுநாள், தம்பி மத்தியானம் கடைக்கு வந்தான். வெட்டும் மேஜையில் என் அட்டையை வைத்தான்.

"அக்கா, கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு."

"என்னடா ஆச்சு?"

ஆனது இதுதான். என்னிடம் துணி தைக்கக் கொடுக்கும் பஸ் டிரைவர் வீட்டுக்கு எட்டு மாதப் பெண் குழந்தை. உருண்டை என்று கூப்பிடுவார்கள். அது நாலு ஸ்பூன் சாப்பிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். அட்டையிலோ பன்னிரண்டு. குறையாகப் போய்விடுமே என்று பயந்து, மீதி எட்டையும் பிடித்து வைத்து ஊட்டியிருக்கிறார்கள். இப்போது ஸ்பூனைக் கண்டாலே வாயைப் பூட்டிக்கொள்கிறது. பத்து நாளாகப் பாலைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. டிரைவர் அட்டையோடு பெரிய சிஸ்டரிடம் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார்.

"குழந்தைக்கு ஒண்ணும் இல்லையே?" கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"டாக்டரம்மா பாத்துட்டாங்க. எடை சரியா இருக்கு, உடம்புக்கு ஒண்ணும் இல்ல. பயம்தான். அதுக்கும் பயம், அவங்களுக்கும் பயம்."

"பெரிய சிஸ்டர் என்ன சொன்னாங்க?"

"அடுத்த புதன்கிழமை தானே வந்து உக்காருவாங்களாம். பாத்துட்டு, தொடரணுமா மூடணுமான்னு அன்னிக்கே முடிவாம்."

"எழுதினது நான்னு ஏன்டா சொல்லல?"

"என்னன்னு சொல்ல? எங்க அக்கா பிள்ளைங்க வயித்துக்கும் டேப் வச்சு அளவு எடுத்துட்டாள்னா?"

நான் சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்தேன். பதினாறு வருடமாகத் தைக்கிறேன். அதை நம்பி ஒரு சட்டைகூட வெட்டியதில்லை. ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு குழந்தைகளுக்கு ஒரே கை அளவு இருக்காது. ஒவ்வொன்றையும் மேஜையில் நிற்க வைத்து அளந்துதான் துணியில் கை வைப்பேன். அட்டவணை வாடிக்கையாளர் பார்ப்பதற்கு. துணி விஷயத்தில் இதெல்லாம் தெரிந்த எனக்கு, சோற்று விஷயத்தில் எப்படி மறந்தது?

"கடை மூணு நாள் லீவு" என்றேன்.

"எதுக்கு?"

"நான் கொடுத்ததை நான்தான் திருப்பி வாங்கணும்."

"நல்லது. வாங்கிட்டு வா. அப்புறம் சோறு ஊட்டறப்போ கட்டற கழுத்துத் துணி பதினஞ்சு தைச்சுக் கொடு. பெரியவங்க அளவுக்கு."

"பெரியவங்களுக்கா? என்னத்துக்குடா?"

"நீ தைச்சுக் கொடு அக்கா. சொல்றேன்."

ஆர்டர் புத்தகத்தில் விலாசங்கள் இருந்தன. வீடு வீடாகப் போனேன். மூன்று நாளில் இருபத்தொன்பது அட்டைகள் திரும்பி வந்தன. முப்பதாவது, தம்பி கொண்டுவந்தது, என் மேஜையிலேயே இருந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னேன். "நான் தப்பா எழுதிட்டேங்க. என் தம்பி இப்படிச் சொல்லல. புதன்கிழமை பத்து மணிக்கு வந்து அவன் வாயாலயே கேளுங்க." சிலர் சிரித்தார்கள். ஒரு அம்மா, "அதானே பாத்தேன், என் பையன் முப்பது ஸ்பூன் திங்கறான், நான் பயந்தே போயிட்டேன்" என்றார். டிரைவர் வீட்டில் அவர் மனைவி கதவைப் பாதிதான் திறந்தார்.  உள்ளே உருண்டை தரையில் உட்கார்ந்து ஒரு மூடியைக் கடித்துக்கொண்டிருந்தது.

பதினோராவது புதன்கிழமை அந்த அறையில் பதினாலு நாற்காலிகள், ஆட்கள் முப்பத்தொன்று. சுவரோரம் நின்றார்கள், எடை மேஜையில் சாய்ந்தார்கள். பெரிய சிஸ்டர் மூலையில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். டிரைவர் கடைசியாக வந்தார். நல்ல கட்டு மீசை, கடுகடுத்த முகம். பின்னால் மனைவி. குழந்தையை நான் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். என்னைத் தெரியும் என்பதால் வந்தது.

தம்பி எழுந்து நின்றான். "அட்டையில இருந்த கணக்கு தப்பு. இந்த அறை பேரைச் சொல்லி வந்ததால நான்தான் பொறுப்பு."

"எழுதினது நான்!" என்று எழுந்துவிட்டேன்.

"எங்க அக்கா. டெய்லர். உக்காருக்கா."

அறை சிரித்தது. டிரைவர் சிரிக்கவில்லை.

தம்பி கழுத்துத் துணிகளை எடுத்தான். வந்தவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்தான். கணவன் மனைவி, அக்கா தங்கை, தனியாக வந்தவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர். ஒருவர் கழுத்தில் துணி, மற்றவர் கையில் ஸ்பூன். வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி கிண்ணம் கிண்ணமாக வந்தது.

"துணி கட்டினவங்க கண்ணை மூடிக்கங்க. கை தொடைக்கு அடியில. பேசக்கூடாது. ஊட்டறவங்க வீட்டுல எப்படி ஊட்டுவீங்களோ அப்படியே ஊட்டுங்க."

டிரைவர் தயங்கினார். "என்னப்பா இது, விளையாட்டா?"

"ஆமாங்க" என்றான் தம்பி. டிரைவர் கழுத்தை நீட்டினார்.

முதல் ஸ்பூன் சரியாகப் போனது. இரண்டாவது முழுங்குவதற்குள் மூன்றாவது வந்துவிட்டது. மீசை முழுக்க மஞ்சள்.

"ஏய், ஏய், முழுங்க விடுடி!"

"பேசக்கூடாதுங்க. உருண்டை பேசுமா?"

நாலாவதுக்கு அவர் முகத்தைத் திருப்பினார். மனைவியின் இடது கை, பழக்கத்தில், அவர் தாடையைப் பிடித்தது. அவர் வாயை இறுக்கி மூடினார். சுற்றிலும் இருமலும் சிரிப்பும் "அய்யோ மூக்கு!" என்ற கூச்சலுமாக இருக்க, அந்த ஒரு ஸ்பூன் மட்டும் அந்தரத்தில் நின்றது. மனைவி என் மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தார்.

"இப்படித்தான் செஞ்சேன்" என்றார் மெதுவாக.

டிரைவர் கண்ணைத் திறந்தார். "நீ மட்டுமா? தலையைப் பிடிச்சுக்கிட்டது யாரு? நான்தானே."

தம்பி அவர்கள் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தான். "பயத்துல செஞ்சதுங்க. பாசம் இல்லாதவங்களுக்கு அந்தப் பயம் வராது. இப்ப கண்ணைத் திறந்தே சாப்பிடுங்க. நீங்க ஸ்பூனைக் காட்டிட்டு நிறுத்துங்கம்மா. அவர் வாய் வந்து வாங்கட்டும்."

மனைவி ஸ்பூனைக் காட்டிவிட்டுக் காத்திருந்தார். டிரைவர் கழுத்தை நீட்டி, பெரிதாக வாயைத் திறந்து வாங்கி, "ம்ம்ம்" என்றார். வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாகத்தான் செய்தார்.

என் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த உருண்டை அந்த மஞ்சள் மீசையையே வைத்த கண் வாங்காமல் பார்த்தது. பிறகு, நான் பிடித்திருந்த கிண்ணத்துக்குள் கையை விட்டது. ஐந்து விரலும் உள்ளே. எனக்குத் துடைக்கக் கை பரபரத்தது. தம்பி தலையை ஆட்டினான். வேண்டாம். குழந்தை கையைப் பார்த்தது. வாயில் வைத்தது. சப்பியது. மறுபடி கிண்ணம், மறுபடி வாய்.

சுற்றியிருந்தவர்கள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"ரெண்டு... மூணு... நாலு..." என் வாய் தானாக முணுமுணுத்தது.

"அக்கா, எண்ணாதே!"

முப்பத்தொரு பேரும் சிரித்தார்கள். டிரைவர் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். குழந்தையும், யாரைப் பார்த்து என்று தெரியாமல், பூசணி வழியச் சிரித்தது. இன்னும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு முகத்தைத் திருப்பி என் தோளில் தேய்த்தது. கிண்ணத்தில் பாதிக்கு மேல் மீதி.

எல்லாரும் அந்த அம்மாவைப் பார்த்தார்கள். அவர் எழுந்து வந்து என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி, தள்ளி வைத்தார்.

"போதுமாம்" என்றார். அவர் முகம் மலர்ந்து இருந்தது.

அதற்குப் பிறகு கேள்விகள் கொட்டின. முட்டை கொடுக்கலாமா? நன்றாக வெந்தது கொடுக்கலாம். ஓக்காளம் வந்தால்? சத்தமும் இருமலும் இருந்தால் அது தானே சமாளித்துக்கொள்கிறது, பக்கத்திலேயே இருங்கள். சத்தமே இல்லாமல் முகம் மாறினால்தான் ஆபத்து. அதற்கு என்ன செய்வது என்று ஒரு பொம்மையைக் கவிழ்த்துப் பிடித்து எல்லாரையும் செய்து பார்க்க வைத்தான். பால் நிறுத்தணுமா? வேண்டவே வேண்டாம். பதினொன்றரை ஆகிவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.

மூலையிலிருந்து பெரிய சிஸ்டர் தொண்டையைச் செருமினார். தம்பி எழுந்து நின்றான். 

"என் மக வீட்டுல ஒண்ணு இருக்கு. ஏழு மாசம்" என்றார் அவர். "கேரட்டைக் கொடுத்தா என் மேலயே துப்புது. எதனால?"

தம்பி நோட்டை எடுத்தான். முந்நூற்றுப் பதிமூன்று என்று எண் போட்டான். "எத்தனை தடவை கொடுத்துப் பாத்தீங்க சிஸ்டர்?"

"ரெண்டு."

"இன்னும் பத்துத் தடவை துப்பட்டும். அதுக்குப் பழக நேரம் வேணும்."

"என் புடவைக்கு?"

"எங்க அக்காகிட்ட சொல்லி ஒரு கழுத்துத் துணி வாங்கிக்கங்க."

பெரிய சிஸ்டர் எழுந்தார். "அடுத்த வாரத்துக்குப் பத்து நாற்காலி கூடப் போடச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஃபைல் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போது புதன்கிழமை பதினொன்றுக்கு மேலும் அந்த அறையில் சத்தம் கேட்கும். தம்பிக்கு ஸ்பூன்காரத் தம்பி என்று பெயர் வந்துவிட்டது. தெருவில் யாராவது அப்படிக் கூப்பிட்டால் அவன் திரும்புவதற்கு முன் நான் திரும்பிப் பார்க்கிறேன். டிரைவருக்கு ஷிஃப்ட் இல்லாத புதன்கிழமைகளில் அவரே வந்து முதல் நாற்காலியில் கழுத்தை நீட்டி உட்கார்ந்துவிடுவார். அவர் கழுத்து மட்டும் பதினெட்டு அங்குலம். நான் பொதுவாக வெட்டிய பதினைந்து துணிகளில் எதுவும் அவருக்குச் சரியாகச் சேரவில்லை. அவரை நிற்க வைத்து அளந்து, தனியாக ஒன்று தைத்துக் கொடுத்தேன்.