லீவுக்கு வந்தவர்

எங்கள் ஊரில் என் வேலை என்னவென்று யாருக்கும் சரியாகத் தெரியாது. குழித்துறைக்காரன் ஒருவன் வருசத்துக்கு ஒருமுறை பெட்டியோடு வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனால் அவன் கல்ஃப்காரன், அவ்வளவுதான். நான் இருப்பது ஆஸ்திரேலியாவில், பார்ப்பது வானியற்பியல் ஆராய்ச்சி என்று ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தேன். அங்கேயும் பாலைவனம்தானே என்று கேட்டார்கள். பாலைவனம்தான். அப்புறம் என்ன பேச்சு, அடுத்த லீவுக்கு ஒழுங்காக சென்ட் பாட்டில்களோடு வந்து சேர்ந்தேன்.

அந்தப் பாலைவனத்தில்தான் எங்கள் ரேடியோ தொலைநோக்கி. செத்துப்போன விண்மீன்கள் சில, பம்பரமாகச் சுழன்றுகொண்டு ரேடியோ துடிப்புகளை அனுப்பும். அந்தத் துடிப்பு எப்போது பிந்துகிறது, ஏன் பிந்துகிறது என்று பார்ப்பது என் பிழைப்பு. பக்கத்தில் ஒரு செல்போன் பேசினாலே பதிவு கெட்டுவிடும் என்பதால் அங்கே போனுக்குத் தடை. மனைவியின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் ஜீப்பை எடுத்துக்கொண்டு நெடுந்தூரம் தள்ளியிருக்கும் சிற்றூருக்குப் போகவேண்டும். அந்தக் குரலுக்காக எத்தனை தூரம் வேண்டுமானாலும் ஓட்டியிருப்பேன்.

அவள் இங்கே அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். அரசு வேலையை விட்டுவிட்டு வா என்று எங்கள் மாவட்டத்தில் யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள்.

போனில் நான் என்ன பேசினேன் என்று நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. கறையான் புற்றுக்குள் காற்று எப்படிப் போய்வருகிறது, ரோமம் கத்தரிப்பவர் திமிறுகிற ஆட்டை எப்படி இடுக்கிப் பிடிக்கிறார், புளித்த மாவில் ரொட்டி எப்படிச் சுடுவது. எதைப் பார்த்தாலும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். லீவில் வந்தாலும் அடங்கமாட்டேன். ஒருமுறை ஆரல்வாய்மொழியில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, அடுத்தடுத்து நிற்கும் இரண்டு காற்றாலைகள் ஏன் ஒரே வேகத்தில் சுற்றவில்லை என்று வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கல்யாண வீட்டுக்குப் போகவென்று பட்டுச்சேலை கட்டிப் பின்னால் உட்கார்ந்திருந்தவள், இந்த மனுசனுக்கு மூக்கு நுழையாத இடமே இல்லை என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு அந்த வருசத்தை ஓட்டினேன்.

போன மாதம் ஓய்வுபெற்று ஒரேயடியாக வந்துவிட்டேன். எனக்கு இப்போது ஒரே ஆசை, இந்த வீட்டில் விருந்தாளியாக இல்லாமல் இருக்கவேண்டும். அவள் விட்டால்தானே! நல்ல தட்டு எனக்கு. மீனில் நடுத்துண்டு எனக்கு. டீ குடித்த கிளாஸைக் கழுவப் போனால், நீங்கள் இருங்கள் என்று கையிலிருந்து வாங்கிக்கொள்வாள். பக்கத்து வீட்டில், ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்காகப் புருசனுக்கு மண்டகப்படி நடக்கும். கொடுத்துவைத்த மனுசன் என்று இங்கிருந்து பொறாமைப்படுவேன். வேண்டுமென்றே ஒருநாள் நானும் ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டுப் பார்த்தேன். ஒரு சொல் சொல்லாமல் எடுத்துக் கொடியில் விரித்தாள்.

சென்ற சனிக்கிழமை காலை அடுக்களையிலிருந்து தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது. ஏத்தன் வாழைக்காயைச் சீவிப்போட்டுச் சிப்ஸ் வறுத்துக்கொண்டிருந்தாள். பரணிலிருந்து அட்டைப்பெட்டி இறங்கியிருந்தது. என் லீவு முடிகிற வாரத்தில் வருசா வருசம் நடக்கிற வேலைதான். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. டீயோடு தின்னத்தான் வறுக்கிறாள் என்று நினைத்து, சூடாக ஒரு பிடி அள்ளினேன்.

"பெட்டியில பேரு எழுதணும். மார்க்கர எங்க வச்சிய?" என்றாள்.

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் இனி எங்கயும் போகல்ல" என்றேன்.

"எனக்குத் தெரியாதா?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க போனப்பொறவு உங்கள நெனச்சிட்டே இருப்பேன். எனக்கு அதுதான் பழக்கம். பக்கத்துல நீங்க இருந்தா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல்ல."

எனக்கு மட்டும் தெரியுமா என்ன? இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் அருகே உட்கார்ந்தேன். கை நீட்டினால் தொட்டுவிடலாம். அப்போதும், பாலைவனத்தில் இருந்த நாட்களைப் போலவே, அவளைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஏக்கமாக இருந்தது.